வடக்கே போனால் ஒன்று, தெற்கே வந்தால் வேறொன்று: மும்பைக் கடலில் ஒரு காந்தப்புல அளவீடு

பின்னணி

மும்பைத் துறைமுக வாய்க்குத் தெற்கே, அலிபாக் கரைக்கு எதிரே, ஆழம் குறைந்த கடலில் ஒரு மின்கேபிள் பதிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். தடம் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது; அரை கிலோமீட்டர் அகலம். ஆழம் பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டர். அடியில் மொத்தமும் சேறு. கேபிள் பதிக்கும் கலப்பை அந்தச் சேற்றில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி உழுதுகொண்டே போகும். பழைய நங்கூரமோ, சங்கிலியோ, யாரோ கைவிட்ட குழாயோ வழியில் மாட்டினால் கலப்பையும் போகும், கேபிளும் போகும். அதனால் பதிக்கும் முன்பே தடத்தில் புதைந்து கிடக்கும் இரும்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒலியை அனுப்பிப் படம் பிடிக்கும் பக்கவாட்டு சோனார் கடல் தரையின் மேல் கிடப்பதை மட்டுமே காட்டும். சேற்றுக்குள் மூழ்கிப்போன இரும்பைக் காட்டிக்கொடுப்பது காந்தமானி. இரும்பு இருக்கும் இடத்தில் புவியின் காந்தப்புலம் சற்றே மாறும். அந்த மாற்றம் எவ்வளவு சிறியது என்பதுதான் தொல்லை. மும்பைப் பக்கம் புவியின் மொத்தக் காந்தப்புலம் ஏறத்தாழ 43,000 நானோடெஸ்லா. ஒரு டன் இரும்பு 10 மீட்டர் தள்ளிக் கிடந்தால் அதில் சேர்வதோ குறைவதோ தோராயமாக 10 நானோடெஸ்லா. தூரம் மும்மடங்கானால் அரை நானோடெஸ்லாகூடத் தேறாது.

வேலையை எடுத்தது நவி மும்பையிலுள்ள ஒரு தனியார் கடலாய்வு நிறுவனம். கப்பலில் குழுத் தலைவர் தூத்துக்குடிக்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். கரையில் தரவைப் பதப்படுத்தியவர் செம்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் புவியியற்பியலாளர். திட்ட மேலாளரும் தமிழர்தான். வேலை கொடுத்தவர்கள் தரப்பில் தரவைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. பின்னால் ஆலோசனைக்காக வந்தவர், புவிகாந்த அளவீட்டில் பல்லாண்டு பழகி ஓய்வுபெற்று மாட்டுங்காவில் வசிக்கும் பெரியவர் ஒருவர்.

காலம் மே மாதம். மும்பையில் பருவமழை இறங்குவது வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி. அதன் பிறகு இந்தக் கடலில் சிறு கப்பலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றிலும் இந்த அவசரம் இருந்தது.

கருவியும் ஏற்பாடும்

கப்பல் 30 மீட்டர் நீளம், எஃகு உடல். எஃகுக் கப்பலில் வைத்துக் காந்தப்புலத்தை அளக்க முடியாது. கப்பலே ஒரு பெரிய காந்தம். 1909-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் இதற்கென்றே மரத்தாலும் வெண்கலத்தாலும் ‘கார்னகி’ என்ற கப்பலைக் கட்டியது. 1929-இல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் அது தீப்பிடித்து அழியும்வரை கடல்களைச் சுற்றி அளந்துகொண்டிருந்தது. இன்று அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. சென்சாரை நீளக் கேபிளில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துவருவது வழக்கமாகிவிட்டது. கப்பல் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு கேபிள் விட வேண்டும் என்பது நடைமுறை விதி. இங்கே திட்டமிட்டது நான்கு மடங்கு, அதாவது 120 மீட்டர்.

இழுத்தது ஓவர்ஹவுசர் வகைக் காந்தமானி. புரோட்டான் வகைக் கருவியின் மேம்பட்ட வடிவம் இது. திரவத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் புவியின் புலத்தில் பம்பரம்போல் தலையாட்டிச் சுழலும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணை எண்ணிப் புலத்தின் அளவைச் சொல்லும். 43,000 நானோடெஸ்லாவுக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 1,830 ஆட்டம். சென்சார் எந்தத் திசையில் திரும்பியிருந்தாலும் அளவு அநேகமாக மாறாது. பின்னால் ஒரு சந்தேகத்தை ஒதுக்கித் தள்ள இது உதவியது. வினாடிக்கு நான்கு அளவு. கப்பல் 4 நாட் வேகம், அதாவது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். ஆக அரை மீட்டருக்கு ஓர் எண். கோடுகளுக்கு நடுவே 25 மீட்டர் இடைவெளி. வடக்கு தெற்காக முதன்மைக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிச் சில கிழக்கு மேற்குக் கோடுகள். குறுக்குக் கோடுகள் சரிபார்ப்புக்கு: ஒரே இடத்தை இரண்டு கோடுகள் கடக்கும்போது இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும்.

அப்படி வர இன்னொரு திருத்தமும் தேவை. புவியின் புலம் நாள் முழுக்க நிலையாக இருப்பதில்லை. சூரிய ஒளியால் மேல் வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம் அதை ஆட்டும். மும்பை அட்சரேகையில் அமைதியான நாளிலேயே காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 30 முதல் 50 நானோடெஸ்லா ஏறி இறங்கும். அண்ணாச்சிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் முன்பு வேலை பார்த்த தென்கோடிக் கடலில், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், நண்பகல் ஏற்றம் 100-ஐயும் தாண்டும். இதைக் கழிக்கக் கரையில் ஒரு நிலையான காந்தமானி வைப்பார்கள். அதுதான் பேஸ் ஸ்டேஷன். நிறுவனம் அதை நெருலில் உள்ள தன் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்திருந்தது. மின்சாரம் உண்டு, காவல் உண்டு, மழை வந்தால் ஓடிப்போய் மூடலாம். காரணங்கள் நியாயமானவைதான்.

முதலில் கண்டது

முதல் கட்டத் தரவு வரைபடமாக வந்தபோது, தடம் முழுக்க வடக்கு தெற்காக வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. ஒரு கோடு மேடு, அடுத்த கோடு பள்ளம், மறுபடி மேடு. குறுக்குக் கோடுகள் வெட்டும் இடங்களில் சராசரி வேறுபாடு 11 நானோடெஸ்லா. 5 நானோடெஸ்லாவுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் இரும்பு இலக்காகக் குறிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பிழையே 11 இருக்கும்போது 5-ஐ எப்படித் தேடுவது?

இந்த வரிகளுக்கு அடியில் இன்னொரு பெரிய அலையும் இருந்தது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, நூறு நானோடெஸ்லாவையும் தாண்டி ஏறி இறங்கியது. அதைப் பார்த்து யாரும் பதறவில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காணத்துக் கரும்பாறை சேற்றுக்கு அடியிலும் உண்டு. அந்த எரிமலைப் பாறையில் அதன் காலத்துக் காந்தத்தன்மை உறைந்து கிடக்கிறது. ஆழத்தில் இருப்பதால் அதன் அலை நீளமானது. இரும்பின் தடம் சில மீட்டர்களில் முடிந்துவிடும். இரண்டையும் பிரித்துவிடலாம்.

கிழக்குப் பாதியில் மட்டும் சிறு சிறு பள்ளங்கள் சிதறித் தெரிந்தன. ஒவ்வொன்றும் 6 முதல் 14 நானோடெஸ்லா. இலக்குப் பட்டியலின் முதல் வடிவத்தில் அவற்றைத் ‘தனித்தனி இரும்புத் துண்டுகள், சிதறியவை’ என்று எழுதியிருந்தார்கள்.

திட்ட மேலாளர் சொன்ன வழி எல்லோரும் செய்வதுதான்: கோடுகளைச் சமன்செய்யும் மென்பொருளை ஓடவிட்டு, குறுக்குவெட்டு வேறுபாடுகளைப் பங்கிட்டு, கொஞ்சம் மென்மைப்படுத்தினால் வரிகள் போய்விடும். செய்தும் காட்டினார். படம் அழகாகிவிட்டது, வரிகள் காணோம். ஆனால் கிழக்குப் பாதியின் பள்ளங்களும் பாதியாகச் சுருங்கி, பல 5-க்குக் கீழே போய்ப் பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டன.

தரவு ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. “சார், இது எதனால வந்ததுன்னே தெரியாம அழிச்சுட்டோம்னா, கூட எதை அழிச்சோம்னும் தெரியாது” என்றார். என் கருத்தும் அதுவே என்று எழுதிக் கொடுத்தேன். மென்மைப்படுத்திய வரைபடத்தை வாங்கிக்கொள்வதில்லை என்று எங்கள் தரப்பு முடிவு செய்தது. கப்பல் வாடகை ஓடிக்கொண்டிருந்ததால் மேலாளருக்கு இது உவப்பாக இல்லை. அவர் இடத்தில் இருந்து பார்த்தால் கோபம் புரியக்கூடியதே.

பிழையைப் பிரித்துப் பார்த்தது

ஆய்வாளர் எடுத்த வழி எளிமையானது. ஒவ்வொரு வேறுபாட்டையும் மூன்று விதமாக வரைந்து பார்த்தார்: நேரத்தை வைத்து, கப்பல் போன திசையை வைத்து, இடத்தை வைத்து. நேரத்தோடு மாறுவது கரை நிலையத்திலிருந்தோ வானத்திலிருந்தோ வர வேண்டும். திசையோடு மாறுவது கப்பலுடையது. இடத்தோடு ஒட்டி நிற்பது மட்டுமே கடலடியில் இருப்பது.

நேரத்தை வைத்து வரைந்ததும் ஒன்று துலங்கியது. ஒரே கோட்டின் நடுவே, கப்பல் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே, எண்கள் படிக்கட்டுபோல் 6 முதல் 15 நானோடெஸ்லாவரை தாவியிருந்தன. பகலில் அதிகம்; மதிய உணவு வேளையில் மிக நெருக்கம்; இரவுக் கோடுகளில் அறவே இல்லை. கடலில் இருந்த கருவியின் திருத்தாத தரவில் அந்தப் படிகள் இல்லை. மொட்டை மாடித் தரவில் இருந்தன. அதைக் கழித்தபோது கடல் தரவுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

அலிபாக் காந்த நிலையத்தின் நிமிட மதிப்புகள், உலகக் காந்த நிலையங்களை இணைக்கும் இன்டர்மேக்னெட் வலையமைப்பு வழியாகக் கிடைக்கும். அவற்றையும் மாடித் தரவையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், இவ்வளவு குறைந்த தூரத்தில், கிட்டத்தட்ட நேர்கோடு வர வேண்டும். வந்தது இரண்டு மட்டங்களுக்கு இடையே மாறி மாறித் தாவும் கோடு. பெரியவர் அந்த வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “லிஃப்ட் எங்கே இருக்கு?”

சென்சார் இருந்த இடத்திலிருந்து சில மீட்டரில் லிஃப்ட் அறை. பெட்டி கீழே போனால் எதிர் எடை மேலே வரும், பெட்டி மேலே வந்தால் எதிர் எடை கீழே போகும். இரண்டு மட்டங்களும் அவைதான். ஆய்வாளரும் காவலாளியுமாக லிஃப்டை ஏற்றி இறக்கி, நேரம் குறித்து, படிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த ஊருக்கு இது புதுக் கதை இல்லை என்று பெரியவர் சொன்னார். கொலாபா ஆய்வகம் 1826-இல் அமைந்தது. 1841 முதல் அங்கே காந்தப்புலத்தை அளந்தார்கள். 1859 செப்டம்பரில் வந்த மாபெரும் காந்தப் புயலைக் கொலாபாவிலும் பதிவு செய்தார்கள். பின்னால் பம்பாயில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் திட்டம் வந்தது. மின்சார டிராம் ஓடினால் தண்டவாளத்திலும் தரையிலும் கசியும் மின்னோட்டம் அளவைக் கெடுத்துவிடும் என்று கடலுக்கு அப்பால் அலிபாக்கில் புது நிலையம் கட்டினார்கள். 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்தார்கள். அதன் பிறகே கொலாபா பதிவை நிறுத்தினார்கள். முதல் மின்சார டிராம் ஓடியது 1907-இல். அதாவது தொல்லை வருமுன்பே இடத்தை மாற்றி, மாற்றியதையும் ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் செய்த அந்த ஏற்பாட்டை இன்றைய குழுக்கள் பல செய்வதில்லை.

மாடித் தரவை ஒதுக்கிவிட்டு அலிபாக் நிமிட மதிப்புகளை வைத்துத் திருத்தியதும் வெட்டுப்புள்ளி வேறுபாடு 11-இலிருந்து 7-க்கு இறங்கியது. வரிகள் மட்டும் அப்படியே நின்றன.

கப்பலின் பங்கு

இப்போது திசை. வடக்கு நோக்கிப் போன கோடுகள் எல்லாம் ஒரு பக்கம், தெற்கு நோக்கி வந்தவை எல்லாம் மறு பக்கம் என்று தெளிவாகப் பிரிந்தன. ஆனால் அது கிழக்குப் பாதியில்தான். மேற்குப் பாதியில் வேறுபாடு மிகச் சிறிது. இன்னொன்று: கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் போன குறுக்குக் கோடுகள் தங்களுக்குள் ஒத்துப்போயின.

இந்தக் கடைசிச் செய்திதான் பெரிய துப்பு என்பது என் எண்ணம். கப்பலின் காந்தத்தன்மை இரண்டு வகை. ஒன்று எஃகில் நிலைத்துப்போனது. கப்பல் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். மற்றது புவியின் புலத்தால் அந்தந்த நேரம் தூண்டப்படுவது. அது எப்போதும் புலத்தின் திசையையே பார்க்கும். மும்பையில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. புலம் கிடைமட்டத்திலிருந்து 26, 27 பாகை அளவே கீழே சாய்கிறது. கப்பல் வடக்கே போகும்போது அதன் நிலைத்த காந்தம் சென்சார் இருக்குமிடத்தில் புவியின் புலத்தோடு சேர்கிறது என்றால், தெற்கே திரும்பியதும் அதிலிருந்து கழியும். தூண்டப்பட்டதோ வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஒரே அளவுதான் சேர்க்கும். கப்பல் கிழக்கே போகும்போது நிலைத்த காந்தத்தின் நெடுக்குப் புலம் புவியின் புலத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. நம் கருவி அளப்பது மொத்தப் புலத்தின் அளவை மட்டும். செங்குத்தாகச் சேரும் சில நானோடெஸ்லா 43,000-இல் தெரியவே தெரியாது. ஆக வடக்கு தெற்கில் பிளவு, கிழக்கு மேற்கில் ஒற்றுமை என்றால், குற்றவாளி கப்பலின் நிலைத்த காந்தம். இழுவைக் காந்தமானியின் மேல் கப்பலின் விளைவைப் புல்லார்டும் மேசனும் 1961-இலேயே கணக்காக எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே கண்டது அதற்கு அப்படியே பொருந்தியது. சென்சாரின் சொந்தத் திசைப்பிழையாக இருக்குமோ என்ற சந்தேகமும் இதோடு போயிற்று.

ஆனால் 120 மீட்டர் தள்ளி இழுத்தால் இவ்வளவு பெரிய விளைவு வரக் கூடாது. கிழக்குப் பாதியில் மட்டும் ஏன் வந்தது?

செராங்கின் நோட்டு

அண்ணாச்சியைத் தொலைபேசியில் கேட்டபோது முதலில், “கேபிள் 120 தான் விட்டிருக்கு, மாத்தலையே” என்றார். பிறகு அவரே, “ஒரு நிமிஷம் இருங்க, காகாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று நிறுத்தினார்.

காகா என்றது ரத்னகிரிப் பக்கத்துச் செராங்கை, அதாவது கப்பல் தளத் தொழிலாளர்களின் தலைவரை. கேபிளைச் சுற்றி விடும் விஞ்ச் அவர் கையில். கிழக்கு ஓரக் கோடுகளுக்கு அருகே கோலி மீனவர்களின் டோல் வலைகள் உண்டு. ஓட்டத்துக்கு எதிராக வாய் திறந்து நிற்கும் பை வலைகள். திரும்பும் இடங்களில் நீளக் கேபிள் வலைக்குள் போய்விடும். வலை கிழிந்தால் மீனவருக்கு நட்டம். சென்சார் அறுந்தால் வேலையே நிற்கும். அதனால் செராங் அந்தப் பக்கம் கேபிளை 60 மீட்டருக்குச் சுருக்கி இழுத்திருக்கிறார். இரவு ஷிப்டின் சர்வேயரிடம் சொல்லியும் இருக்கிறார். சர்வேயர் மாறியபோது செய்தி கைமாறவில்லை; கணினியில் 120 அப்படியே நின்றது. ஆனால் செராங் தன் பாக்கெட் நோட்டில் மராத்தியில் நேரத்தோடு குறித்து வைத்திருந்தார். கேபிளில் 20 மீட்டருக்கு ஒன்றாகச் சுற்றிய பெயிண்ட் வளையங்களை எண்ணி, எத்தனை வளையம் வெளியே என்று. கடலில் அவர் செய்தது முற்றிலும் சரி. இந்த வேலையில் இருந்த பதிவுகளிலேயே துல்லியமானது அந்த நோட்டுதான்.

நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அலுவலகத்தில் ஒருவர் படித்துச் சொல்ல, ஆய்வாளர் ஒவ்வொரு கோட்டுக்கும் கேபிள் நீளத்தைத் திருத்தி எழுதினார்.

எடுத்த முடிவுகள்

கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. கிழக்குப் பாதி முழுவதையும் மறுபடி அளப்பது ஒன்று. மேலாளர் எதிர்த்தார்; கடல் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தது, வலைகளும் அங்கேயே இருந்தன, மறுபடி அளந்தாலும் கேபிளைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். மற்றது, கப்பலின் விளைவைத் தனியே அளந்து பழைய தரவிலிருந்து கழித்துவிடுவது, பிறகு ஐயமுள்ள இடங்களுக்கு மட்டும் போவது. பெரியவரும் ஆய்வாளரும் இரண்டாவதைச் சொன்னார்கள். நானும் அதை ஏற்றேன். நிபந்தனை ஒன்று: திருத்தத்தின் அளவு கப்பலை வைத்து அளந்து வர வேண்டும், வரைபடம் அழகாகும்வரை எண்ணை மாற்றிப் பார்த்து வரக் கூடாது.

முதல் வேலையாகப் பேஸ் ஸ்டேஷனை மாற்றினார்கள். அலிபாக் பக்கம் கடலோரக் கிராமத்தில் ஒரு பாக்குத் தோப்பு. வீட்டிலிருந்தும் வண்டிப் பாதையிலிருந்தும் விலகிய மூலை. சென்சார் மரக் கம்பத்தில், கட்டியது நைலான் கயிற்றால். ஓர் இரவும் பகலும் ஓடவிட்டு அலிபாக் நிலையத்தோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு அரை நானோடெஸ்லாவுக்குள் நின்றது. நிலையத்தின் தரவே இருக்கும்போது சொந்தக் கருவி எதற்கு என்று மேலாளர் கேட்டார். நிமிட மதிப்பு நாள் மாற்றத்துக்குப் போதும். புலம் கலங்கியிருக்கும்போது நிமிடத்துக்குள்ளேயே துடிப்புகள் வரும். அவற்றைப் பிடிக்கச் சில வினாடிக்கு ஓர் அளவு வேண்டும்.

அடுத்தது திசைச் சோதனை. விடியலில், கடற்காற்று எழுமுன், பாறை அலை தட்டையாக இருந்த ஓர் இடத்தில் ஒரே கோட்டை வடக்கேயும் தெற்கேயும் ஓடினார்கள், முதலில் 60 மீட்டர் கேபிளில், பிறகு 120-இல். கிழக்கு மேற்காகவும் அப்படியே. விடியலைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் நாள் மாற்றம் மிகக் குறைவு. பேஸ் திருத்தத்தின் பிழை இதில் கலக்காது.

வடக்குக்கும் தெற்குக்கும் வேறுபாடு 60 மீட்டரில் 8 நானோடெஸ்லா, 120-இல் 1.5. கப்பலின் காந்த விளைவு தூரத்தின் மும்மடிக்கு எதிராகக் குறையும். தூரத்தைப் பின்புறத்திலிருந்து அல்லாமல் கப்பலின் நடுவிலிருந்து எண்ண வேண்டும்: 75 மீட்டரும் 135 மீட்டரும். விகிதம் 1.8, அதன் மும்மடி ஏறத்தாழ 6. எட்டில் ஆறில் ஒரு பங்கு 1.3. அளந்ததும் கணக்கும் இவ்வளவு கிட்டே வந்தது எல்லோருக்கும் தெம்பு தந்தது. கிழக்கு மேற்கு வேறுபாடு 60 மீட்டரிலேயே ஒன்றுக்குக் கீழே.

இன்னொரு சிறு முடிவு: பெரிய சரக்குக் கப்பல் ஏதாவது தடத்தை நெருங்கிக் கடந்த நேரங்களைப் பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) பதிவிலிருந்து எடுத்து, அந்தப் பகுதிகளைத் தரவிலிருந்து நீக்கினார்கள். துறைமுகத்துக்குள் போய்வரும் வழி அருகில் இருப்பதால் இது தவிர்க்க முடியாதது. அப்படி விழுந்த இடைவெளிகள் குறைவு.

நடந்தது

திசைத் திருத்தத்துக்குப் பின் வேறுபாடு 3-க்கு வந்தது, வரிகள் மங்கின. உண்மையான திருப்பம் அடுத்த படியில். கேபிள் நீளம் தவறாக இருந்தால் புலத்தின் அளவு மட்டுமா கெடும், இடமும் கெடும். கணினி சென்சாரைக் கப்பலுக்கு 120 மீட்டர் பின்னால் வைத்து வரைந்திருக்கிறது. அது இருந்ததோ 60-இல். வடக்கே போன கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் 60 மீட்டர் தெற்கே தள்ளி விழுந்திருக்கிறது, தெற்கே வந்த கோட்டில் 60 மீட்டர் வடக்கே. அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 120 மீட்டர் விலகல்.

நீளத்தைத் திருத்தி மறுபடி வரைந்ததும், ‘சிதறிய துண்டுகள்’ கோட்டுக்குக் கோடு நகர்ந்து ஒரே வரிசையில் வந்து நின்றன. மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்த ஒரு நேர்கோடு, தடத்தின் குறுக்கே ஓடியது. மேற்குப் பாதியில் ஏற்கெனவே மெலிதாகத் தெரிந்தும் பாறையின் அலை என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொடரோடு அது இணைந்தது. வெட்டுப்புள்ளி வேறுபாடு இப்போது 1.5. அதற்கு மேல்தான் ஆய்வாளர் சமன்செய்யும் மென்பொருளைத் தொட்டார், அதுவும் லேசாக.

ஐயத்துக்கு இடமான கிழக்குப் பகுதியில் மட்டும், வலைகள் எடுக்கப்பட்ட நீர்மாறும் வேளையாகப் பார்த்து, மீனவர் சங்கத்திடம் பேசி, முழு நீளக் கேபிளோடு சில கோடுகள் மறுபடி ஓடினார்கள். கோடு அங்கேயே இருந்தது. முக்குளிப்பவர்கள் இரண்டு இடத்தில் கம்பி குத்திப் பார்த்து, பிறகு நீர் பாய்ச்சிச் சேற்றை விலக்கினார்கள். இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய பழைய கடல் கேபிள், ஒரு மீட்டருக்குச் சற்று அதிக ஆழத்தில். கலப்பை இறங்கும் அதே ஆழம்.

பம்பாய் ஒரு காலத்தில் தந்திக் கேபிள்களின் பெரிய சந்தி. 1870-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இங்கிருந்துதான் ஏடனுக்குக் கேபிள் போட்டுக்கொண்டு போனது. அதன் பின்னும் பல கேபிள்கள் இந்தக் கரைக்கு வந்திருக்கின்றன. கிடைத்தது எந்தக் காலத்தது என்று உறுதி செய்யப்படவில்லை. திட்டத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. உயிரற்ற கேபிள் என்று உறுதியானதும், குறுக்கிடும் இடத்தில் அதை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் எடை கட்டிப் படுக்க வைக்க ஏற்பாடானது. மழைக்கு முன் அறிக்கை போய்விட்டது. வெட்டும் வேலை மழைக்குப் பின்.

மென்மைப்படுத்திய முதல் வரைபடத்தை வைத்து அந்த இடத்தைப் பார்த்தால், கிழக்குப் பாதியில் இரண்டு சிறு பள்ளங்கள் தவிர எதுவும் இல்லை.

இனி மாற்றுவது

நிறுவனமும் எங்கள் தரப்பும் சேர்ந்து அடுத்த ஒப்பந்தத்தில் எழுதியவை சில. பேஸ் ஸ்டேஷன் இடத்தைக் கப்பல் கிளம்புமுன் ஒரு முழு நாள் ஓடவிட்டு அருகிலுள்ள காந்த நிலையத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த வரைபடம் முதல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். வசதியான இடம் என்பது காரணமாகாது. திசைச் சோதனை முதல் நாளிலேயே, பயன்படுத்தக்கூடிய ஒவ்வொரு கேபிள் நீளத்துக்கும். பாதி வேலை முடிந்தபின் செய்வதைவிட இது எவ்வளவு மலிவு என்பதை மேலாளரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

விஞ்ச் பதிவைச் செராங்கின் மொழியிலேயே, அச்சிட்ட தாளில், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரியாக எழுதுவது. ஷிப்டு மாறும்போது அந்தத் தாளில் இருவரும் கையெழுத்திடுவது. வளையத்தை எண்ணி எழுதும் அவர் முறையையே எடுத்துக்கொண்டார்கள். விஞ்சில் எண்ணிக்கை காட்டும் கருவி இருந்தாலும் அது வழுக்கும் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. வலை இருக்கும் இடங்களை மீனவர் சங்கத்திடம் முன்பே கேட்டுக் கோடுகளின் வரிசையை அமைப்பது. இதை அண்ணாச்சி முதலிலேயே கேட்டிருந்தார். நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

சமன்செய்தலைப் பற்றி எங்களுக்குள் முழு உடன்பாடு வரவில்லை. காரணம் தெரியாத எந்த வேறுபாட்டின் மேலும் அதை ஓட்டக் கூடாது என்பது ஆய்வாளர் கட்சி. எல்லாப் பிழைக்கும் காரணம் கண்டுபிடிக்க நேரமும் பணமும் எந்தத் திட்டத்திலும் இருக்காது என்பது மேலாளர் கட்சி. கடைசியில் ஒப்பந்தத்தில் ஒரு எண் எழுதினோம்: சமன்செய்யுமுன் வெட்டுப்புள்ளி வேறுபாடு, தேடும் இலக்கின் அளவில் பாதிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருத்தாத வரைபடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

தடத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு பள்ளங்கள் எந்தத் திருத்தத்துக்குப் பின்னும் அசையவில்லை. இரண்டும் 7 நானோடெஸ்லா அளவு. அங்கே முக்குளிப்பவர்கள் இறங்குமுன் கடல் ஏறிவிட்டது. கேபிள் தடத்தை அவற்றிலிருந்து 15 மீட்டர் விலக்கி வரைந்து, ‘தெரியாத இரும்பு, தவிர்க்க’ என்று குறித்து அனுப்பியிருக்கிறோம்.